கொரோனர் விசாரணைக்கு முதல் தடவை போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அத்தான் இறந்து ஒன்பதாவது மாதம், லண்டனில், மரணங்களை விசாரிக்கும் ஒரு கொரோனர் கோர்ட்டின் முன்வரிசையில் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அக்காவிடம் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. அத்தானை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்றிரவு அக்கா வார்டுக்கு இரண்டு தடவை போன் எடுத்தார். போனை எடுத்த தாதி, அக்கா சொன்னதை எந்த டொக்டரிடமாவது சொன்னாரா? டொக்டர் சாட்சி சொல்லி முடித்ததும் கொரோனர் எங்கள் பக்கம் திரும்பி, குடும்பத்தார் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்று கேட்டார். நாங்கள் இரண்டு பேரும் இல்லையென்று தலையாட்டினோம். கேட்கலாமா, கேட்டால் பிழையாகிவிடுமா என்று தெரியாத பயம். அந்தத் தாதி அன்று கோர்ட்டுக்கு வரவுமில்லை. ஏன் வரவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

அதற்குப் பிறகு தெரிந்த குடும்பங்களோடு இப்படிப்பட்ட விசாரணைகளுக்குத் துணையாகப் போய்வருகிறேன். போகும் வழியில் அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளே இவை. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்கொட்லாந்தில் கொரோனரே இல்லை, அங்கே முறை வேறு.

கொரோனர் என்பவர் யார்? பொலிஸா, டொக்டரா?

இரண்டுமில்லை. நீதிபதியைப் போன்ற, எவருக்கும் கட்டுப்படாத சட்ட அதிகாரி. சம்பளம் கொடுப்பது உள்ளூர் கவுன்சில் என்றாலும் கவுன்சிலோ பொலிஸோ ஆஸ்பத்திரியோ அவருக்குக் கட்டளையிட முடியாது. 1194ஆம் ஆண்டிலிருந்து இருக்கும் பதவி இது. முன்பு டொக்டர்களும் இந்தப் பதவிக்கு வரலாம், 2013க்குப் பிறகு புதிதாக நியமிக்கப்படுகிறவர்கள் சட்டம் படித்தவர்களாக இருக்க வேண்டும்.

மரணம் வன்முறையால் அல்லது இயற்கைக்கு மாறாக நடந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், காரணம் தெரியாவிட்டால், அல்லது சிறையிலோ பொலிஸ் காவலிலோ வேறு அரசுக் காவலிலோ ஒருவர் இறந்தால் கொரோனர் விசாரித்தே ஆக வேண்டும். “கொரோனருக்குப் போய்விட்டது” என்று கேட்டதும் எங்கள் ஆட்கள் பதறிப்போகிறார்கள், குடும்பத்தின் மேல் சந்தேகமோ என்று. அப்படியில்லை. மாடிப்படியில் விழுந்து இறந்த எண்பது வயதுப் பாட்டிக்கும் கொரோனர் வருவார்.

எந்தக் கோர்ட் என்பது மரணம் நடந்த இடத்தைப் பொறுத்தது. ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கமென்றால் வோல்தம்ஸ்ரோ. ஹரோ, வெம்பிளி என்றால் பார்னெட்.

ஊரில் அடுத்த நாளே மரண விசாரணை முடிந்துவிடும். இங்கே ஏன் மாதக்கணக்கில் இழுக்கிறது?

யாழ்ப்பாணத்தில் திடீர் மரண விசாரணை அதிகாரி ஆஸ்பத்திரிக்கே வந்து சடலத்தைப் பார்வையிட்டு, உறவினரிடம் வாக்குமூலம் எடுத்து, அநேகமாக அன்றோ மறுநாளோ ஒப்படைத்துவிடுவார். இங்கே அது இரண்டாகப் பிரிந்து நடக்கிறது. முதலில் விசாரணையைத் “திறப்பார்கள்”. அது சில நிமிட வேலைதான். இறந்தவர் யார், எங்கே, எப்போது என்று பதிந்து ஒத்திவைப்பார்கள். குடும்பம் அதற்குப் போக வேண்டிய கட்டாயமில்லை. பிறகு அறிக்கைகளெல்லாம் வந்து சேர்ந்தபின் முழு விசாரணை.

முடிந்தவரை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஒரு வருடம் தாண்டினால் கொரோனர் அதைத் தலைமைக் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். நடைமுறையில் ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

இந்தக் காலம் முழுக்க உங்களோடு பேசும் ஆள் கொரோனரின் அலுவலர். முதல் போனிலேயே அவருடைய பெயரையும் நேரடி இலக்கத்தையும் ஈமெயிலையும் எழுதி வையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் அவரோடு தொடர்பில் இருப்பது நல்லது. அக்காவும் அத்தானின் தம்பியும் நானும் மாறி மாறிப் போன் எடுத்து, மூன்று பேருக்கும் மூன்று விதமாக விளங்கி, வீட்டில் சண்டை வந்ததுதான் மிச்சம்.

அதுவரை உடலைத் தரமாட்டார்களா? எட்டு, அந்தியேட்டி எல்லாம் எப்படிச் செய்வது?

இந்தக் கேள்வி வராத வீடே கிடையாது. உடலைத் தருவதற்கும் விசாரணை முடிவதற்கும் சம்பந்தமில்லை. போஸ்ட்மோட்டம் முடிந்து, மேலதிக பரிசோதனைக்கு உடல் தேவையில்லை என்று கொரோனர் தீர்மானித்ததும் விடுவிப்பார். அநேகமானவர்களுக்குச் சில நாட்களில் கிடைத்துவிடும். 28 நாட்களுக்குள் விடுவிக்க முடியாவிட்டால் காரணத்தை உங்களுக்கு அறிவிக்க வேண்டும். கொலைச் சந்தேகம் இருந்தால் குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு இரண்டாவது போஸ்ட்மோட்டம் கேட்கக்கூடும், அப்போதுதான் பெரும்பாலும் தாமதமாகும்.

தகனத்துக்கான படிவத்தைக் கொரோனரே கொடுப்பார், செத்தவீட்டுக்குப் பொறுப்பான டிரெக்டர் அதை வாங்கிக்கொள்வார். உடலை ஊருக்குக் கொண்டுபோவதென்றால் நாட்டைவிட்டு எடுத்துச்செல்லக் கொரோனருக்கு அறிவித்து அனுமதி பெற வேண்டும். ரிக்கெட் போட முன்னர் அதைக் கேளுங்கள். 31ஆம் நாள் அந்தியேட்டி நெருங்குகிறது என்றால் அலுவலரிடம் தயங்காமல் விளக்குங்கள். சமயக் கிரியைகளின் அவசரம் அவர்களுக்குப் புதிதல்ல, முஸ்லிம், யூதக் குடும்பங்கள் நாளாந்தம் கேட்கும் விடயந்தான்.

போஸ்ட்மோட்டம் வேண்டாமென்று மறுக்கலாமா?

கொரோனர் உத்தரவிட்டால் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை. ஆனால் உங்கள் மனக்குறையைச் சொல்லலாம். வெட்டாமல் ஸ்கான் மூலம் பார்க்கும் வசதி சில இடங்களில் உண்டு, அதற்குக் குடும்பம் கட்டணம் கட்ட வேண்டி வரலாம். எல்லா மரணத்துக்கும் ஸ்கான் போதாது. பரிசோதனைக்காக ஏதாவது திசுவை எடுத்து வைத்திருந்தால் பிறகு அதை என்ன செய்வது என்று உங்களிடம் கேட்பார்கள். அந்தக் கடிதம் செத்தவீடு முடிந்த பிறகு வந்து, பிரித்துப் பார்த்த ஒரு மகள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது என்பதால் சொல்கிறேன்.

மரணச் சான்றிதழ் இல்லாமல் பாங்க், பென்ஷன் அலுவல்களைப் பார்ப்பது எப்படி?

விசாரணை முடியும்வரை மரணத்தைப் பதிய முடியாது. அதுவரை கொரோனர் ஓர் இடைக்காலச் சான்றிதழ் தருவார். பாங்குகளுக்கும், அரச அலுவலகங்களுக்கும், சொத்து நிர்வாக அனுமதி எடுக்கவும் அது பொதுவாகப் போதும். ஆயுள் காப்புறுதி நிறுவனங்கள் சில மட்டும் முடிவு வரும்வரை காத்திருக்கும்.

இது வழக்கா? பிழை விட்டவர்களுக்குத் தண்டனை கிடைக்குமா?

கிடைக்காது. இதை ஏற்றுக்கொள்வதுதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. கொரோனர் நான்கு கேள்விகளுக்கு மட்டுமே விடை தேடுகிறார்: இறந்தவர் யார், எப்போது இறந்தார், எங்கே இறந்தார், எப்படி இறந்தார். அங்கே வாதியுமில்லை, பிரதிவாதியுமில்லை. பெயர் குறித்து ஒருவரைக் குற்றவாளி என்றோ, நட்டஈட்டுக்குப் பொறுப்பு என்றோ முடிவெழுத 2009ஆம் ஆண்டின் கொரோனர் சட்டம் இடம் கொடுக்காது.

ஆனால் “எப்படி” என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எவ்வளவோ இருக்கிறது. எந்த நேரத்தில் எந்த மருந்து, யார் பார்த்தார், யார் பார்க்கவில்லை, எந்தத் தகவல் எந்த மேசையில் தங்கிப்போனது எல்லாம் அதற்குள் வரும். அரசின் கடமை சம்பந்தப்பட்ட சில மரணங்களில், சிறையில் நடந்த தற்கொலை போன்றவற்றில், எந்தச் சூழ்நிலையில் இறந்தார் என்பதையும் சேர்த்து விரிவாகப் பார்ப்பார்கள். தண்டனையை எதிர்பார்த்துப் போனால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளப் போனால் வேறெங்கும் கிடைக்காத விடை அங்கே கிடைக்கலாம். நட்டஈடு கேட்பதென்றால் அது தனி வழக்கு.

குடும்பத்தில் யார் யாருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு?

சட்டம் “இன்டரஸ்டட் பேர்சன்”, அதாவது விசாரணையோடு சம்பந்தப்பட்டவர், என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. கணவன், மனைவி, சேர்ந்து வாழ்ந்த துணை, பெற்றோர், பிள்ளைகள், சகோதரர், பாட்டன் பாட்டி, பேரப்பிள்ளைகள், சகோதரரின் பிள்ளைகள், மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன், தாய் அல்லது தகப்பன் மட்டும் ஒன்றான சகோதரர் ஆகியோர் அதில் அடக்கம். சித்தப்பா, மாமா, மச்சான் அதில் இல்லை. எங்கள் குடும்பங்களில் பிள்ளையை வளர்த்தெடுத்தவரே மாமாவாக இருப்பார், அப்படியிருந்தும் பட்டியலில் அவருக்கு இடமில்லை. அக்காவின் தம்பியான எனக்கும் இடமில்லை. ஆனால் போதிய தொடர்புள்ளவர் என்று கொரோனர் நினைத்தால் மற்றவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். சும்மா வந்து இருந்து கேட்பதற்கு யாருக்கும் தடையில்லை, கோர்ட் பொதுமக்களுக்குத் திறந்தது.

அறிக்கைகளை முன்கூட்டியே பார்க்க முடியுமா?

முடியும், கட்டாயம் கேளுங்கள். போஸ்ட்மோட்டம் அறிக்கை, டொக்டர்களின் வாக்குமூலங்கள், ஆஸ்பத்திரி தானே நடத்திய உள்ளக விசாரணையின் அறிக்கை முதலியவற்றைக் குடும்பம் கேட்டால் கொரோனர் தர வேண்டும். விசாரணைக்கு முன் அதற்குக் கட்டணமில்லை. சிக்கலான மரணங்களில் முழு விசாரணைக்கு முன்பு ஒரு தயார்ப்படுத்தும் அமர்வும் வைப்பார்கள். எந்தெந்தச் சாட்சி, என்னென்ன விடயம் என்று அங்கேதான் தீர்மானமாகிறது. அதைத் தவறவிடாதீர்கள்.

இப்போது அந்தத் தாதியின் கதை. விசாரணைக்கு முன் எங்களுக்கு ஒரு கடிதம் வந்தது. அதில் இரண்டு பட்டியல். ஒன்று, நேரில் வரும் சாட்சிகள். மற்றது, “இருபத்துமூன்றாம் விதியின் கீழ்” வாசிக்கப்படும் வாக்குமூலங்கள். ஆட்சேபம் இருந்தால் அறிவிக்கவும் என்று ஒரு வரியும் இருந்தது. அந்த விதியின் அர்த்தம் இதுதான்: யாரும் மறுக்கமாட்டார்கள் என்று தோன்றும் சாட்சியம் என்றால், ஆளைக் கூப்பிடாமல் எழுத்தை மட்டும் வாசித்துவிடலாம். அந்தத் தாதியின் பெயர் இரண்டாவது பட்டியலில் இருந்தது. நான் அந்தக் கடிதத்தை அக்காவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன், ஒன்றும் விளங்காமலே சரியென்று பதில் போட்டோம். எழுத்திடம் கேள்வி கேட்க முடியாது என்பது அன்று கோர்ட்டில் அந்த அரைப்பக்கத்தை வாசித்தபோதுதான் உறைத்தது. “நோயாளியின் மனைவி தொலைபேசியில் தொடர்புகொண்டார், ஆலோசனை வழங்கப்பட்டது.” அவ்வளவுதான் அதில் இருந்தது.

ஆகவே அந்தப் பட்டியல் வந்ததும் ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். நீங்கள் ஒரேயொரு கேள்வி கேட்க நினைக்கும் ஆள் வாசிக்கும் பட்டியலில் இருந்தால், அவர் நேரில் வர வேண்டும் என்று காரணத்தோடு உடனே எழுதுங்கள்.

இன்னொரு புதிய விடயம். 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, சிக்கலில்லாத மரணங்களில் அமர்வே வைக்காமல் கடதாசியில் மட்டும் விசாரணையை முடிக்கவும் கொரோனருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கருத்தைக் கேட்பார்கள். கேள்வி இருந்தால் நேரடி அமர்வு வேண்டுமென்று சொல்லுங்கள்.

சட்டத்தரணி வைக்க வேண்டுமா?

கட்டாயமில்லை. பெரும்பாலான குடும்பங்கள் தனியாகத்தான் போகின்றன, கொரோனரும் அவர்களுக்கு விளங்கும்படியே நடத்துவார். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஆஸ்பத்திரியோ சிறையோ பொலிஸோ பாரிஸ்டரோடு வருகிறது என்றால் என் கருத்து வேறு. அப்போது நீங்களும் ஒருவரைத் தேடுங்கள். நடைபாதையில் வந்து அன்பாகக் கைகொடுக்கும் ஆஸ்பத்திரி லோயர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் உங்கள் ஆள் இல்லை.

சாதாரண விசாரணைகளுக்குக் கோர்ட்டில் வாதாட லீகல் எய்ட் (அரச செலவில் சட்ட உதவி) கிடைப்பது அரிது. அரசுக்குப் பொறுப்புள்ள மரணங்களில் விசேட நிதிக்கு விண்ணப்பிக்கலாம். 2022 ஜனவரியிலிருந்து அதற்கு வருமானம் பார்ப்பதில்லை. காவலில் அல்லது அரசின் பொறுப்பில் நடந்த மரணம் என்றால் 1981இல் தொடங்கிய “இன்குவெஸ்ட்” என்ற அறநிறுவனம் இலவசமாக ஆலோசனை சொல்லும். கோர்ட்டுக்குள் துணைக்கு இருக்க “கொரோனர்ஸ் கோர்ட்ஸ் சப்போர்ட் சேர்விஸ்” என்ற அமைப்பின் தொண்டர்கள் பல கோர்ட்டுகளில் இருக்கிறார்கள். வாசலில் தண்ணீரோடு நிற்கும் அந்த வயதான பெண்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

அம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. தமிழில் பேசலாமா?

மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று அலுவலரிடம் வாரக்கணக்கில் முன்னரே சொல்லுங்கள், முடிந்தால் எழுத்தில். தமிழ் என்று மட்டும் சொல்லாமல் இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா என்றும் சொல்லுங்கள். ஒரு விசாரணையில் அம்மா சாட்சி சொன்னார்: “மூன்று நாளாய் அவனுக்கு ஏலாமல் இருந்தது.” மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர். “மூன்று நாளாக அவனால் முடியவில்லை” என்ற அர்த்தத்தில் சொல்லிவிட்டார். எதை முடியவில்லை என்று கொரோனர் திருப்பிக் கேட்க, அம்மா திகைத்துப்போனார். பின்வரிசையிலிருந்த மகள் எழும்பி, அம்மா சொல்வது மூன்று நாளாகச் சுகமில்லை என்பதைத்தான் என்று விளக்கினாள். மூன்று நாள் சுகமில்லாமல் இருந்தான் என்பதுதான் அந்த விசாரணையின் மையம். எனவே குடும்பத்தில் இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் கவனமாகக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், பிழைத்தால் கையை உயர்த்திச் சொல்ல வேண்டும். ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தகப்பனின் போஸ்ட்மோட்டத்தை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

அன்று கோர்ட்டுக்குள் என்ன நடக்கும்?

படத்தில் பார்ப்பதுபோல் இராது. விக் இல்லை, கூண்டு இல்லை. எங்களுடையது பள்ளிக்கூட வகுப்பறை அளவான அறை. கொரோனர் சாதாரண கறுப்புக் கோட்டுடன் வந்தார், எல்லோரும் எழுந்து நின்றோம். எங்கள் மேசையில் ஒரு தண்ணீர்க் குவளை, ஒரு ரிஷ்யூப் பெட்டி. பெட்டியில் முதல் தாளை யாரோ பாதி இழுத்து விட்டிருந்தார்கள், எடுக்கச் சுலபமாக. அக்கா அன்று முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொரோனரை “சேர்” அல்லது “மாம்” என்று அழைத்தால் போதும். அவர் முதலில் அனுதாபம் சொல்லி, இறந்தவரின் விபரங்களை வாசித்து, சாட்சிகளை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். சாட்சிகள் சத்தியம் செய்ய வேண்டும். கீதை, பைபிள், குர்ஆன் எதிலாவது செய்யலாம், அல்லது சமயமில்லாமல் உறுதிமொழி எடுக்கலாம். முதலில் கொரோனர் கேட்பார், பிறகு குடும்பமும் மற்றத் தரப்புகளும், கடைசியாகச் சாட்சியின் சொந்த லோயர்.

எல்லாவற்றையும் கோர்ட்டே ஒலிப்பதிவு செய்யும், பிறகு பிரதி கேட்கலாம். நீங்கள் பதிவு செய்யக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. கனடாவிலிருக்கும் சகோதரிக்கு வாட்ஸ்அப்பில் போட்டுக் காட்டுவது குற்றம். அவர் பார்க்க விரும்பினால் கோர்ட்டிடமே இணையவழி இணைப்புக்கு முன்கூட்டிக் கேளுங்கள், பல கோர்ட்டுகள் அனுமதிக்கின்றன.

இறந்தவரைப் பற்றிச் சில வரி எழுதி வாசிக்கவும், அவருடைய படத்தை வைக்கவும் கேட்கலாம். இதைப் பலர் அறியாமல் இருக்கிறார்கள். அன்று முழுக்க அத்தானை “டிசீஸ்ட்”, இறந்தவர், என்றே சொன்னார்கள். அவர் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கதிரை அடுக்கியவர் என்பதை நாங்கள் சொல்லியிருக்கலாம்.

கேள்வியை எப்படிக் கேட்பது?

எழுதிக்கொண்டு போங்கள். ஒரு சாட்சிக்கு ஒரு பக்கம். பேச்சு நிகழ்த்த இடமில்லை, நடந்தவற்றைப் பற்றி உரையாற்ற விதி யாருக்கும் அனுமதி தராது, லோயருக்குக்கூட. கேள்வி மட்டும்தான், அதுவும் அந்த நான்கு விடயங்களோடு தொடர்புடையதாக. தொடர்பில்லாவிட்டால் கொரோனர் நிறுத்துவார். நிறுத்தினால் கோபிக்காமல் அடுத்ததுக்குப் போங்கள்.

“நீங்கள்தானே அவரைச் சாகவிட்டீர்கள்” என்று கேட்டால் பதில் வராது. அக்கா கேட்டிருக்க வேண்டியவை இவை: இரவு பதினொன்றேகாலுக்கு என் போனை யார் எடுத்தது? நான் மூச்சுத்திணறல் என்று சொன்னதை எங்கே எழுதினீர்கள்? எந்த டொக்டரிடம் சொன்னீர்கள்? அவர் என்ன சொன்னார்? ஒரு கேள்வியில் ஒரு விடயம் மட்டும். ஆதாரம் இருந்தால் முன்கூட்டியே அலுவலருக்கு அனுப்புங்கள். அக்காவின் போன் பில்லில் இரண்டு அழைப்பும் நிமிடக் கணக்கோடு இருந்தன. அந்த பில் அன்று வீட்டு மேசை லாச்சிக்குள் கிடந்தது.

வேலைத்தளத்தில் மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மா, பிள்ளைகளின் பழைய அப்பியாசக் கொப்பியில் ஆறு கேள்வி எழுதிக்கொண்டு வந்தார். நான்காவது கேள்வி: “அந்த மெஷினின் பாதுகாப்பு மூடியை எப்போது கழற்றினீர்கள்?” அதுவரை ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. மேற்பார்வையாளர் தண்ணீர் குடித்தார். பிறகு, மூன்று கிழமைக்கு முன் என்றார். அறை அப்படியே அமைதியானது.

ஜூரி இருக்குமா?

அநேகமாக இல்லை. காவலில் இயற்கைக்கு மாறாக இறந்தால், பொலிஸ்காரரின் செயலால் இறந்திருக்கலாம் என்றால், சட்டப்படி அரச அதிகாரிகளுக்கு அறிவிக்கப்பட வேண்டிய வேலைத்தள விபத்து என்றால் 7 முதல் 11 பேர் கொண்ட ஜூரி இருக்கும்.

கொலை வழக்கு நடக்கிறதென்றால்?

கொரோனர் தன் விசாரணையை நிறுத்திவைப்பார். குற்ற வழக்கு முடிந்தபின் தொடர்வதா இல்லையா என்று தீர்மானிப்பார், பல தடவை தொடர்வதில்லை.

போஸ்ட்மோட்டம் விபரங்களைக் கேட்கத் தாங்காது. வெளியே போகலாமா?

போகலாம். அனுமதி கேட்கக்கூடத் தேவையில்லை. கொரோனரும் அந்தப் பகுதி வரும் முன் சொல்லுவார். அழுவதையும் யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள், வேண்டுமென்றால் இடைவேளை தருவார்கள்.

பத்திரிகைக்காரர் வருவார்களா? தற்கொலை என்றால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே?

வரலாம், எழுதலாம். தடுக்க முடியாது. கடைசிக் கடிதம் இருந்தால் பொதுவாகக் கோர்ட்டில் உரக்க வாசிப்பதில்லை, ஆனாலும் வாசிக்க வேண்டாமென்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இறந்த முறையை அளவுக்குமீறி விபரிக்கக்கூடாது என்று பத்திரிகைகளின் ஒழுக்கக் கோவையே சொல்கிறது. நிருபர் அணுகினால் பேச வேண்டிய கட்டாயமில்லை.

இந்நாட்டில் தற்கொலை 1961ஆம் ஆண்டிலிருந்து குற்றமில்லை. எங்கள் சமூகத்தில்தான் அது இன்னும் மூடி மறைக்கும் விடயமாக இருக்கிறது. பிள்ளையை அப்படி இழந்த ஒரு தகப்பன், “மாரடைப்பு என்று எழுத வைக்க முடியாதா தம்பி” என்று காரில் என்னைக் கேட்டார். முடியாது ஐயா என்றேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறென்ன சொல்ல. அப்படிப்பட்ட துயரத்தில் நீங்கள் இருந்தால், 116 123 என்ற இலக்கத்தில் சமாரிட்டன்ஸ் அமைப்பு இரவு பகலாக, கட்டணமின்றிப் பேசும்.

முடிவு எப்படி வரும்?

இப்போது அதைத் தீர்ப்பு என்று சொல்வதில்லை, முடிவு என்றே சொல்கிறார்கள். விபத்து, இயற்கை மரணம், வீதி விபத்து, தற்கொலை, தொழில்சார் நோய், சட்டவிரோதக் கொலை என்று சுருக்கமாக இருக்கலாம். சான்று போதாவிட்டால் “திறந்த முடிவு”. ஒரு சொல்லில் அடங்காதபோது நடந்ததைச் சில வரிகளில் எழுதுவார்கள், ஆஸ்பத்திரி மரணங்களில் இதை அடிக்கடி காணலாம். மிக அடிப்படையான கவனிப்புக்கூடக் கிடைக்காமல் போனதென்றால் “புறக்கணிப்பும் காரணம்” என்று சேர்க்க முடியும், ஆனால் அதற்கான அளவுகோல் மிக உயரம்.

தற்கொலை என்று சொல்ல முன்பு குற்ற வழக்குக்குரிய அளவு நிச்சயம் வேண்டும் என்ற நிலை இருந்தது. 2020இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்ற அளவே இப்போது போதும்.

இனி இன்னொருவருக்கு இப்படி நடக்காமலிருக்க ஏதாவது செய்வார்களா?

அதே நிலைமை தொடர்ந்தால் இன்னும் உயிர் போகலாம் என்று கொரோனருக்குப் பட்டால், சம்பந்தப்பட்ட நிறுவனத்துக்கு அவர் எச்சரிக்கை அறிக்கை அனுப்பியே ஆக வேண்டும். 56 நாட்களுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். இவை இணையத்தில் வெளியாகின்றன. இப்படியொரு அறிக்கை தேவையென்று நினைத்தால், சாட்சியங்கள் முடிந்ததும் கொரோனரிடம் கேளுங்கள்.

முடிவு பிழையென்று தோன்றினால்?

மேன்முறையீடு என்று நேரடியாக ஒன்றில்லை. கொரோனர் சட்டப்படி நடந்தாரா என்று உயர்நீதிமன்றம் பார்க்கும் நீதி மீளாய்வுக்கு மூன்று மாதத்துக்குள் போக வேண்டும், உடனே சட்டத்தரணியைப் பாருங்கள். பிற்பாடு புதிய சான்று கிடைத்தால் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலின் அனுமதியோடு உயர்நீதிமன்றத்தில் புதிய விசாரணை கேட்கலாம், அதற்குக் காலக்கெடு இல்லை. 2013இல் தென்கிழக்கு லண்டனில் ஆஸ்துமாவால் இறந்த ஒன்பது வயதுச் சிறுமியின் முதல் விசாரணை 2014இல் முடிந்தது. தாய் விடவில்லை. 2019இல் அந்த முடிவு ரத்தானது, 2020 டிசம்பரில் இரண்டாவது விசாரணை, காற்று மாசும் மரணத்துக்குக் காரணம் என்று பதிந்தது. ஹில்ஸ்பரோ கால்பந்து மைதான நெரிசலில் உறவினரை இழந்த குடும்பங்கள் 1989இலிருந்து 2016வரை போராடித்தான் “விபத்து” என்ற சொல்லை மாற்றின.

இறுதிச் சான்றிதழ் எப்போது வரும்?

முடிவு வந்ததும் கொரோனர் பதிவாளருக்கு அறிவிப்பார், குடும்பம் நேரில் போய்ப் பதியத் தேவையில்லை. எத்தனை பிரதி வேண்டுமோ பதிவாளரிடம் காசு கட்டி எடுக்கலாம். ஊரில் காணி பூமி இருந்தால் இரண்டு மூன்று கூட எடுத்து வையுங்கள்.

பெயர் எழுத்தில் கவனம். எங்கள் நீண்ட பெயர்கள் பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு மாதிரியும் இருக்கும். பதிவான பிறகு திருத்துவது பெரிய அலைச்சல். தொடக்கத்தில் விபரங்களை வாசித்து, சரியா என்று கொரோனர் கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் கொரோனர் அத்தானின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அக்காவிடம் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு எழுத்தெழுத்தாக வாசித்தார். அக்கா அன்று வாய் திறந்தது அப்போது மட்டும்தான். பெயரின் நடுவே ஒரு ‘எச்’ விடுபட்டிருந்தது. அதைச் சொல்லித் திருத்தினார்.